ஒரே பாய், இரண்டு ஷிப்டு

குன்றத்தூரில் இப்போது இசக்கிசெல்விக்குக் கட்டில் மெத்தை எல்லாம் இருக்கிறது. இருந்து என்ன? படப்பையில் எழிலரசி எழுந்துபோன சூடு ஆறாத பாயில் விழுந்ததும் வந்ததுபோல் ஒருநாளும் தூக்கம் வரவில்லை.

அப்போது படப்பையில் இருவரும் தங்கியது பத்துக்குப் பத்து அறை. ஒரே பாய், ஒரே தலையணை. இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனிதான். இசக்கிசெல்விக்கு டே ஷிப்டு, உத்திரமேரூர்க்காரி எழிலரசிக்கு நைட். இவள் சோறு வடித்து வைத்துவிட்டுப் போனால், அவள் வந்து குழம்பு வைப்பாள். வாரநாளில் முகம் பார்ப்பதே வாசலில் செருப்பு மாட்டும்போதுதான். அந்த ஐந்து நிமிடத்தில் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். அப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போனது.

2012 ஆடியில் எழிலரசியையும் டே ஷிப்டுக்கு மாற்றினார்கள்.

"இனிமே ஒண்ணாவே சாப்பிடலாம்ட்டி" என்று இசக்கிசெல்வி பூரித்துப்போனாள்.

பூரிப்பு நாலு நாள் தாங்கவில்லை. விடிகாலையில் ஒரே பாத்ரூமுக்கு இரண்டு பேர். ஃபேனைக் கூட்டு, குறை என்று தகராறு. ஒருத்தி போட்டது தெரியாமல் ஆளுக்கொரு தரம் உப்புப் போட்டு, குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. கிட்ட உறவு முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்? அதுவரை ஒரு சொல் தடித்துப் பேசாதவர்கள், தலையணைக்காக அடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடி, ரொம்பத்தான் பண்ற? நான் வேற வூடு பாத்துக்கினு போறேன்" என்றாள் எழிலரசி.

இசக்கிசெல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறையில் ஒண்டியாக இருந்துவிடலாம். எழிலரசி இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாது. இரண்டு நாள் யோசித்து யோசித்து, சூப்பர்வைசர் கண்ணப்பனிடம் போய் நின்றாள்.

"சார், என்னைய நைட்டுக்கு மாத்திருங்க."

கண்ணப்பன் சிரித்தார். "இன்னாம்மா, நைட் வேணாம்னுதான் எல்லாரும் அழுவாங்க. நீ லேட்டு. நேத்தே எழிலரசி வந்து கேட்டுச்சு. 'செல்விக்கு நைட்னா தலைவலி வந்துடும் சார், என்னையே போடுங்க'ன்னுச்சு. போட்டாச்சு."

இசக்கிசெல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சண்டையா, ரெண்டு பேருக்கும் ஆவலியா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்ல சார், நாங்க ஒரே ரூமு" என்றாள்.