இடக்கைக்குள் தைச்ச பேச்சு

நான் சிவமலர். லண்டன் ரெய்னர்ஸ் லேனிலை இருந்து ரயிலேறிப் போய், ஒரு நாடக அரங்கிலை நடிகையளுக்கு உடுப்பு மாத்தி விடுறன். பதினாறு வருசமாச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் எண்டு அங்கை எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் உடுப்பு மாத்தி விடுற நடிகை இசபெல்லின்ரை விசயத்தை மட்டும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடேல்லை. அதுதான் நான் செய்த முதல் பிழை.

இசபெல்லின்ரை தாய் தேப்பன் ஹொண்டுராஸிலை இருந்து வந்தவை. இருபத்திரண்டு வருசமா மேடையிலும் படத்திலும் அவவுக்குக் குடுத்தது வேலைக்காரி வேசம், இல்லாட்டிப் பிணம். ஐம்பத்தொரு வயசிலைதான் முதல் தரம் கதாநாயகி.

ஒருநாள் கேத்தலைக் காட்டி, "மலர், அந்த... தண்ணி சுடுறது" எண்டா. நான் பகிடி பண்ணிச் சிரிச்சன். ரெண்டு கிழமையாலை, ரெண்டாம் அங்கத்திலை வாற நீளமான பேச்சே மறக்கத் துவங்கிச்சு. சிரிப்பெல்லாம் எனக்கு அடங்கிப்போச்சு. டொக்டரிட்டைப் போங்கோ எண்டு கத்தினன். "போனா வேசம் போயிடும், மலர். இது முடியட்டும்" எண்டு என்ரை கையைப் பிடிச்சா.

மனசு கேக்கேல்லை. வெள்ளைத் துணியிலை அந்தப் பேச்சை எழுதி, கறுப்பு உடுப்பின்ரை இடக்கை மடிப்புக்குள்ளை தைச்சு விட்டன். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிற வேலை. எப்ப பிடிபடுவம் எண்டு ஒவ்வொரு காட்சியும் மேடை ஓரத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பன்.

போன புதன், பகல் காட்சி. பெரிய படமொண்டுக்கு ஆள் தேடுற இயக்குநர் வந்து சபையிலை இருக்கிறா. இடைவேளையிலை இசபெல் அந்த இடக்கை மடிப்பைத் திரும்பத் திரும்பத் தடவிப் பாக்கிறா. என்ரை கைப்பையிலை கோயில் திருநீறு இருந்தது. பிள்ளையாரை நினைச்சு அவவின்ரை பின்கழுத்திலை பூசினன். விசர் எனக்கு! அது கொட்டி, கறுப்பு வெல்வெட்டெல்லாம் வெள்ளை. துடைக்கத் துடைக்க இன்னும் பரவுது. "ரெண்டு நிமிசம்" எண்டு ஸ்பீக்கர் கத்துது. கதாநாயகிக்கு எப்பவும் அதே மாதிரி இன்னொரு உடுப்பு வைச்சிருப்பம். அதை மாட்டி, கொக்கி போட்டு அனுப்பிட்டன்.

அவ பேசப் போற நேரந்தான் எனக்கு உறைச்சுது. துணி மற்ற உடுப்பிலை எல்லோ! ஐயோ கடவுளே, என்ரை கையாலையே அவவைக் கெடுத்துப்போட்டன்.

இசபெல் இடக்கையைத் திருப்பிப் பாத்தா. திரும்பவும் பாத்தா. பிறகு ஸ்பானிஷிலை ஏதோ கதைக்கத் துவங்கினா, கடையிலை தாயைத் துலைச்ச பிள்ளை மாதிரி. சுவரைத் தடவித் தடவி நடந்தா. எனக்கு "மமா" எண்டது மட்டும் விளங்கிச்சு.

விளக்கு அணைஞ்சுது. சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. மேடைக்குப் பொறுப்பான தாரகா கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "அக்கா, எழுத்திலை இல்லாததைச் செய்தாலும் என்ன நடிப்பு!" எண்டா. தப்பிட்டம் எண்டுதான் நானும் நினைச்சன்.

இசபெல் என்னட்டை வந்து நிண்டா. புது ஆளைப் பாக்கிற மாதிரி மரியாதையாச் சிரிச்சா.

"இந்த உடுப்பு எனக்கு வடிவா இருக்கோ? நாடகம் எத்தினை மணிக்குத் துவங்குது?"

இன்னும் கடைசிக் காட்சி இருக்கு. நான் தாரகாவைப் பாத்து, "மாற்று நடிகையைக் கூப்பிடுங்கோ" எண்டன். கைதட்டல் நிக்கேக்கை, நான் இசபெல்லின்ரை முதுகிலை கொக்கியளைக் கழட்டிக்கொண்டு நிண்டன்.