சனிக்கிழமை வந்த சித்திரம்

கதிர்காமத்து முருகன் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வத்தேகமப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது, என் மகன் யுகேஷ் ஓர் எண்ணெய்ச் சித்திரத்தை வாங்கி எங்கள் மஹய்யாவ வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெல்ஜியத்தில் பிளாண்டர்ஸ் என்ற பகுதியில் நானூறு வருஷத்துக்கு முன் வரைந்ததாம். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைத் தாய் மடியில் ஏந்தியிருந்தாள். சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். இயேசுவின் உதடு நீலம், விரல் நுனி கறுப்பு. உயிர் இப்போதுதான் பிரிந்தது போலிருந்தது.

நான் உட்காரும் கதிரைக்கு எதிரே அதை மாட்டிய பிறகுதான் என் மனைவி பரிமளம் மெதுவாகக் கேட்டாள்: "இன்னைக்கு சனிக்கெழமையில்ல?"

சனிக்கிழமையில் வீட்டுக்குள் ஒரு பிணத்தை மாட்டியிருக்கிறோம். சனிப் பிணம் தனியாகப் போகாது, துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகும். வீட்டில் எழுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

"கழட்டுடா," என்றேன்.

"படந்தானேப்பா," என்றான் யுகேஷ்.

சாயங்காலம் பார்த்தால், சித்திரத்தில் இயேசுவின் தொங்கிய கை என் பக்கம் திரும்பியிருந்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். பரிமளத்தைக் கூப்பிட்டேன்.

சனிப் பிணத்தின் பாடையில் கோழி கட்டுகிற வழக்கப்படி, பரிமளம் வீட்டிலிருந்த ஒரே கோழியைப் பிடித்துவந்து சட்டத்தில் கட்டினாள். "ஒங்களுக்குப் பதிலா இது போகட்டும். பேசாம படுங்க."

காலையில் கயிறு மட்டும் தொங்கியது. சித்திரத்துக்குள், அந்தத் தாயின் காலடியில், எங்கள் கோழி நின்றது. பெண்கள் மறுபடியும் அழ ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் பரிமளம் கோழிக் குழம்பு வைத்தாள்.