எட்டு மணி அலாரம்

தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவருவதற்குள் முடித்துவிட வேண்டும். அரைமணி நேரமாக ஒரே காலரைத்தான் தேய்க்கிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை, பாவம்.

வாசலில் அவனோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குகள் நின்றார்கள்.

"ஊரையே மேல ஏத்தி விட்டவன், நாலு மாசமா தான் மட்டும் படியேறினான்யா. கேட்டா, உடம்பு இளைக்கணுமாம்."

"பென்சில் மாதிரி இருந்துக்கிட்டு!"

சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றுபோனது.

அக்காவுக்குத்தான் தெரியும். லிஃப்ட் கதவு மூடினாலே அவனுக்கு மூச்சடைத்தது. "டாக்டர்கிட்ட போனா வேலை போயிடும்க்கா. வீட்ல அவகிட்டயும் சொல்லிடாதே," என்று அழுதான். மனச்சோர்வுக்கு டாக்டர் தனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஓர் அட்டையை அவன் கையில் வைத்தாள். எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும் என்றாள். கொஞ்சம் கேட்கத்தான் செய்தது; லிஃப்டில் ஏறத்தான் இன்னும் பயந்தான். அப்புறம் தன் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, மாதாமாதம் இரண்டு பங்காக வாங்கினாள். ஒன்று போதவில்லை என்று அவனாகவே இரண்டாக்கிக்கொண்டான். இடுப்பு வலிக்குக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை வேறு.

முந்தாநாள் உடம்பு கொதித்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"இடுப்பு வலிக்கு மட்டும்தான்," என்றாள் தம்பி மனைவி.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினாள். ஆமென்று ஆட்டினாளா, இல்லையென்றா? இப்போது யோசித்தால் புரியவில்லை. வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பானோ? அந்த மாத்திரையா, இந்த மாத்திரையா, இரண்டும் சேர்ந்தா? தன்னைத் தூக்கி நிறுத்திய மாத்திரை, ஒரே வயிற்றில் பிறந்தவனை எப்படிச் சாய்க்கும்?

அலமாரி மேலிருந்த தம்பியின் போனில் அலாரம் அடித்தது. மணி எட்டு. தம்பி மனைவி எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா மாத்திரைன்னு போட்டிருக்கு அண்ணி." இரண்டு நாளில் முதல்தடவையாக அவள் முகம் இளகியது. "தெனமும் உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் வச்சிருக்கார். இதக்கூட எங்கிட்ட சொல்லல பாருங்க."

காலையில் சில நாள் போன் பண்ணி, "சாப்டியாக்கா?" என்று கேட்பான்தான். அதற்காகவும் வைத்திருப்பானோ? அக்காவுக்கு ஒரு நொடி அப்படியே நம்பிவிடலாம் போலிருந்தது.

தம்பி மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"போட்டுக்குங்க அண்ணி. அவருக்காகவாவது."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அது எனக்கு வச்சதில்லம்மா."

"பின்ன?"

"என் மாத்திரைய அவனுக்குக் குடுத்தேன். நாலு மாசமா."

போன் அடித்து ஓய்ந்தது. தம்பி மனைவி டம்ளரை நீட்டியபடியே நின்றாள். அக்காவும் அதை வாங்கவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவை அகலத் திறந்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து அலாரம் மறுபடி அடித்தது. அதை நிறுத்த இருவருமே கை நீட்டவில்லை.