சீல் வைக்க முன் எடுத்த டின்

...ஒரு டின்தானே, ஒரேயொரு டின், மற்றதெல்லாம் ஸ்டோருக்குள் பூட்டும் சீலுமாகப் பத்திரமாகக் கிடக்கிறதே, அதில் நான் கை வைக்கவில்லையே... கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறும்போது பத்தாவது தரமாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். டவுனில் மீன் வாங்க நின்றபோதுதான் கொழும்பிலிருந்து ஷிஹானின் கோல் வந்தது, துறைமுகத்தில் என் சாமான்களை எடுத்துத் தருகிற ஏஜன்ட் அவன். “முத்தலிப் காக்கா, தேங்காயெண்ணெய் றிப்போட் வந்திட்டு. பெயில். அஃப்ளடொக்சின் கூடவாம். முழுக்கத் திருப்பி அனுப்பச் சொல்றாங்க.” அஃப்ளடொக்சின்... சரியாகக் காயாத கொப்பரையில் பிடிக்கிற பூஞ்சணத்தின் நஞ்சு, கொஞ்சங் கொஞ்சமாக ஈரலைத் தின்னும். பொரித்தால் போகாதாடா என்று கேட்டேன். “பொரிச்சாலும் போகாது காக்கா. ஏன் கேக்கிறீங்க? சீல உடைக்கல்லதானே?” இல்லடா என்றேன். உண்மைதான், உடைக்கவில்லை. பிறகு ஏன் காது இப்படிச் சுட்டது? மீனை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா, அதுவும் நினைவில்லை.

மூன்று கிழமைக்கு முன் கொண்டெய்னர் வந்தது. துறைமுகத்தில் மாதிரி எடுத்துவிட்டார்கள், முடிவு வரும்வரை சரக்கு என் ஸ்டோரில் சீலோடு கிடக்க வேண்டும், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, நானே கையெழுத்துப் போட்ட பத்திரம். ஆனால் வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம், புதுச் சரக்கு இறங்கினால் வாங்குகிறவன் கை படுமுன் முதலாவது தர்மமாக அல்லாஹ்வுடைய பாதையில் போய்விட வேண்டும், அரிசி மூட்டையோ பேரீச்சம்பழப் பெட்டியோ எதுவானாலும். சீல் வைக்க வந்த அதிகாரி முகம் கழுவப் போன நேரம் ஒரு டின்னை எடுத்து ஒதுக்கிவிட்டேன். விற்றால்தானே குற்றம், கொடுத்தால் என்ன என்று மார்க்கத் தீர்ப்பாக ஒரு பத்வாவும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன், பெரிய ஆலிம் நான்! காத்தான்குடிக்குள் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற மத்ரஸா, நாற்பத்து மூன்று பிள்ளைகள், பாதிப் பேருக்கு வாப்பா இல்லை. டின்னை என் தோளிலேயே சுமந்துபோய் இறக்கினேன். சமைக்கிற கைறுன்னிஸா ராத்தா மூடியைத் திறந்து மணந்து பார்த்து, “நல்ல மணம் தம்பி” என்றார். எனக்கு என்ன சந்தோஷம் அன்றைக்கு, நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

நாவற்குடா வந்துவிட்டது, இனி மத்ரஸாவுக்குக் கொஞ்சத் தூரம்தான். சொல்வதா... சொன்னால் லைசன்ஸ் போகும், பள்ளிவாசலில் என் பக்கத்தில் யார் தொழ நிற்பார்கள்? சொல்லாவிட்டால்? ஒரு டின்னில் என்ன ஆகிவிடும், நாற்பத்து மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு அரை லீட்டரும் வராதே, இருபது வருடம் கழித்து எவளோ ஒருத்திக்கு ஈரல் நொந்தால் அது என் எண்ணெய் என்று யாருக்குத் தெரியப்போகிறது... சீ, நீயும் ஒரு மனிதனா? அந்தச் சின்னது, நிஸ்மியா, முன்பல் விழுந்தது, வாழைக்காய்ப் பொரியலென்றால் இரண்டாம் தரமும் பீங்கானை நீட்டும் என்று ராத்தா சொன்னாரே, அதன் ஈரல் எவ்வளவு பெரிது இருக்கும், ஒரு கை அளவு? இல்லை, போய் டின்னை எடுத்துவிடலாம், எண்ணெய் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லலாம், வேறு நல்ல எண்ணெய் வாங்கிக் கொடுக்கலாம், பாதி உண்மை போதும், பிள்ளைகள் தப்பினால் போதும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. எக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

மத்ரஸாக் குசினிக்குள் ராத்தா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் தந்த எண்ணெய் டின் எங்கே ராத்தா என்றேன். “அது முந்தாநாளே முடிஞ்சிட்டு தம்பி, ஒரு சொட்டும் மிச்சமில்ல. வெறும் டின்ன பழைய இரும்புக்காரன் கொண்டு போயிட்டான்.” அல்ஹம்துலில்லாஹ்... அல்லாஹ்வுக்கே புகழ் என்று என் வாய்தான் சொன்னது, நான் தடுக்குமுன் சொல்லிவிட்டது. நெஞ்சுக்குள் இருந்த பாரமும் இறங்கிவிட்டது, டின் இல்லை, எண்ணெய் இல்லை, இனி யார் வந்து என்னத்தைக் காட்ட முடியும்... பொறு, பிள்ளைகளின் பீங்கானிலிருந்து நஞ்சை எடுக்கத்தானே ஓடிவந்தேன்? கடைசிச் சொட்டுவரை தின்று முடித்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்கு ஏன் நிம்மதி வந்தது? ராத்தாவுக்கு என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டே கத்தியை வைத்துவிட்டு, என் வியாபாரத்தில் பறக்கத்தும் பெருக்கமும் உண்டாக வேண்டும், என் பிள்ளைகள் சுகமாக வாழ வேண்டும் என்று கையேந்தித் துஆக் கேட்கத் தொடங்கினார். “ஆமீன் சொல்லுங்களன் தம்பி” என்றார்.