கேஆர்டி என்றால் என்ன

அந்த மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதமாகியும், தன்னைத் தவறுதலாக எடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அவளை விடவில்லை. காலைக் கூட்டத்தில் எல்லோரும் "கேஆர்டி" என்பார்கள். அவளும் புரிந்ததுபோல் தலையாட்டுவாள். அக்காவிடம் மட்டும், "எப்ப வேணா என்னை அனுப்பிடுவாங்கக்கா" என்பாள்.

அன்று கேஆர்டியைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. இனி மழுப்ப முடியாது. கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள்.

"கேஆர்டின்னா என்னங்க?"

குழுத் தலைவர் கழுத்தைச் சொறிந்தார்.

"உண்மையைச் சொன்னா, எனக்கும் தெரியாதும்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் மூணு வருஷமா நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் டிசைனர் பெண். அறையே சிரித்தது.

பழைய கோப்புகளைத் தோண்டினார்கள். கேஆர்டி என்ற அந்த நிரலை எழுதிவிட்டு எப்போதோ வேலையை விட்டுப் போனவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம் அவை.

மதியம் டிசைனர் பெண் தட்டோடு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இன்னும் நாலு கேள்வி இருக்கு. நாளைக்கு நீயே கேட்டுடேன்."

அவளுக்குப் படபடப்பு முழுதாக அடங்கியிருக்கவில்லை. "ரெண்டு நான் கேக்குறேன், ரெண்டு நீங்க கேளுங்க" என்றாள்.