வீடே ஒத்துக்கொண்ட ஒரு கருத்து

"வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு கருத்தை எழுதி, அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்று டீச்சர் சொல்லியிருந்தார். வெறுந்தாளோடு போனால் சின்னவள் வகுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

பிரார்த்தனைக்குப் போவது நல்லது என்று ஆரம்பித்துப் பார்த்தாள்.

"கூட்டமாப் போய்க் கத்தினாத்தான் கேக்குமா? கடவுளுக்கென்ன காது மந்தமா?" என்றார் லாரி ஓட்டும் அப்பா.

"உங்க குறட்டையைத் தினமும் கேக்குறாரே, பாவம், மந்தமாத்தான் ஆகியிருக்கும்," என்றாள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா.

சரி, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவது நல்லதா என்று கேட்டாள். அதற்கும் குடுமிப்பிடிச் சண்டைதான். குழந்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

"பச்சப்புள்ளைக்கு இப்படியா வீட்டுப்பாடம் குடுப்பாங்க!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே எழுதி நீட்டினாள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அடுத்த சண்டை தொடங்கியது.