ஜன்னலை மூடினால் எடுக்காது

“உங்க வீட்ல யாருக்குக் காது மந்தம்?” என்று கேட்டாள் நர்சக்கா.

“அத்தைக்குத்தான். கொஞ்சம்.”

“கொஞ்சமா? நேத்து சாயங்காலம் நீங்க டிவி வெச்ச சத்தத்துல எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுச்சு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே? உங்க சீரியல் கதையை நான் பார்க்காமலே சொல்லுவேன், வேணும்னா கேளு.”

கேட்டுக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டு நாலு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுச் சம்பாதிக்கிறவள் அவள். புது யூனிஃபார்மின் தோள் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடு என்று பக்கத்து வீட்டு நர்சக்கா வந்திருந்தாள். ஊசி குத்துவதற்காகத் தையல்காரி கையைத் தூக்கியபோது அவளுடைய ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்த தடம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, நடுவில் இன்னும் ஊதா போகாமல்.

இந்த நிறங்களைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவள் நர்சக்கா. “இது நாலு நாள் பழசு” என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “இந்தா பாரு. உங்க டிவி அலறும்போது எனக்கு ஒரு எழவும் கேக்காது. நானா வந்து கதவைத் தட்டினா, ‘புருஷன் பொண்டாட்டி டிவி பார்க்கறோம், உனக்கு என்ன வந்துச்சு’ம்பான் உன் வீட்டுக்காரன். நீயும் பின்னாடி நின்னு ஆமாம்பே. அதனால நீ ஒரு குரல் குடு. என்ன வேணுமோ வாயைத் தொறந்து கேளு. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

வாயில் ஊசி இருந்ததால் அவள் தலையை மட்டும் அசைத்தாள். அது சரி என்றா, வேண்டாம் என்றா, அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊசிகளை அன்றைக்கே டப்பாவில் போட்டுவிட்டாள். பதில் மட்டும் உதட்டிலேயே நின்றுபோயிற்று. அரிசி களையும்போதும் மிஷினை மிதிக்கும்போதும் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் தைத்துத் தைத்துப் பிரிப்பாள்.

அவள் புருஷன் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். தெருவில் பாதி வீட்டு வாசல் அவன் கைவேலை. வேலையில் ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. அளந்து, வெட்டி, பிறகுதான் நெருப்பு. வீட்டில் அடிப்பதிலும் அவனுக்கு அதே ஒழுங்கு இருந்தது. கோபம் தலைக்கேறினால் உடனே கை நீட்டமாட்டான். முதலில் எழுந்துபோய் முன் ஜன்னலைச் சாத்துவான். கனத்த இரும்புத் தகட்டில் அவனே செய்து மாட்டிய இரட்டைக் கதவு அது. தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும் நாற்காலியில் இருக்கிற அத்தை ரிமோட்டை எடுப்பாள். டிவி சத்தம் ஏறும். அதற்கப்புறம்தான் அவன் கை ஏறும்.

அத்தையைக் கெட்டவள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாம் முடிந்தபின் வெந்நீரில் துணியை நனைத்து அவள் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறதும் ரிமோட் பிடித்த அதே கைதான். “எங்க மாமியார் ரேடியோவைத் திருகி வைப்பாங்க. அப்ப டிவி ஏது?” என்று ஒருநாள் ஒத்தடத்தின் நடுவே சொன்னாள், விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு வந்த கதையைச் சொல்கிற மாதிரி.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் ஒரே ஒருமுறை அலறியிருக்கிறாள். அன்று அவன் அவளுடைய இடது சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு முறிந்த அந்த நிமிஷத்தில் டிவியில் ஒரு கூட்டமே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. தன் அலறல் தன் காதுக்கே வரவில்லை. அதற்கப்புறம் அலறுவதை விட்டுவிட்டாள். கோணலாகக் கூடிய அந்த விரலை மடக்கிக்கொண்டே தைக்கப் பழகினாள்.

கேபிள்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒயரைச் சரிபார்க்க வந்தவர் வாசலில் நின்று, “அண்ணே, அம்மாவுக்கு ஒரு காது டாக்டரைப் பாருங்கண்ணே. தெருவே சிரிக்குது” என்றார். அவர் சிரித்து முடிக்கவில்லை. இரும்பு தூக்குகிற கை அவர் கன்னத்தில் இறங்கியது. ஆள் படியில் உருண்டு எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று படியிலேயே கிடந்தது. அவர் பல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கம்பத்தில் ஏறினார், ஒயரை வெட்டினார், போய்விட்டார். வேறு எந்தக் கேபிள்காரரும் அந்த வாசலை மிதிக்கத் தயாரில்லை.

ஒன்பது நாள் டிவி இல்லை. அந்த ஒன்பது நாளில்தான் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். அவன் கையை ஓங்குவான், இருண்டு கிடக்கும் டிவியைப் பார்ப்பான், கையை இறக்கிவிடுவான். ஓங்கிய கை சும்மா இருக்காதே. நாற்காலி ஒன்று இரண்டாக முறிந்தது. அலமாரிக் கண்ணாடியில் முஷ்டி விழுந்தது, துண்டுகளை அவள்தான் பெருக்கினாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு அவள் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் நசுங்கியது. ஆனால் அவள் உடம்பு மேல் ஒன்றும் விழவில்லை. விழாததெல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

“வீடு பொணம் மாதிரி கெடக்குடா. எதையாவது பண்ணு” என்றாள் அத்தை.

“ஆண்டெனா வெச்சா மாசாமாசம் எவன் மூஞ்சியிலயும் முழிக்க வேண்டாம். சும்மாவே எடுக்கும்” என்றான் அவன். பிறகு அவள் பக்கம் திரும்பினான். “நாளைக்குக் கடைக்குப் போய் மாடியில வைக்கற பெருசு ஒண்ணு வாங்கிட்டு வா. பைப்பு நான் வெல்டு பண்ணி நட்டுக்கறேன்.”

கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு கொம்போடு மேஜையில் உட்கார்கிறது. இன்னொன்று காகிதத் தடிமனில் கறுப்பாகத் தட்டையாக இருந்தது. மூன்றாவது தின்று போட்ட மீன்முள் மாதிரி நீளமாக, மாடிக்கானது.

“டிவி டவர் உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம்?”

“முன் ஜன்னல்ல நின்னா செவப்பு விளக்கு தெரியும்.”

“அடேயப்பா, அப்ப எதை வெச்சாலும் எடுக்கும். இந்தத் தட்டையானதைக் கம்பியில ஒட்டக்கூடாது, ஜன்னலுக்குள்ள ஒரு ஜாண் தள்ளித் தொங்கவிடணும். ஜன்னல் தொறந்தே இருக்கும்ல?”

“இரும்புக் கதவு. சமயத்துல மூடுவாங்க.”

“இரும்பா? அப்ப இது வேண்டாம்மா. தகடு குறுக்கே வந்துச்சுன்னா போச்சு.”

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். “போச்சுன்னா? கொஞ்சம் புள்ளி புள்ளியா வருமா?”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப வந்தா கண்ணாடி மாதிரி வரும், இல்லன்னா சுத்தமா வராது.”

“சத்தம் மட்டுமாவது?”

“படமும் வராது, சத்தமும் வராது. நீலமா ஒரு திரை வந்து நிக்கும். அதான் சொல்றேன், மாடிக்கு இதை எடுத்துக்கோங்க. நீங்க ஜன்னலை மூடுங்க, கதவை மூடுங்க, கண்ணை மூடுங்க, அது பாட்டுக்கு ஓடும்.”

மீன்முள்ளையும் கறுப்புத் தகட்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். மாடியில் வைப்பது, அவன் எதைச் சாத்தினாலும் பாடிக்கொண்டே இருக்கும். ஜன்னலில் தொங்குவது, ஜன்னல் திறந்திருக்கும் வரைக்கும்தான் பாடும். அவன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டால் வாயை மூடிவிடும். அப்போது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அவளுக்குத் தன் மேல் விழப்போகிற ஒரு அடியைத் தானே கடையில் வந்து பொறுக்கி எடுப்பது போலிருந்தது.

“இந்தத் தட்டையானதையே குடுங்க.”

“சொன்னா கேக்கறீங்களா பாருங்க” என்று சலித்துக்கொண்டே அவர் அதைப் பையில் போட்டார்.

வீட்டில் அவன் அதைச் சுண்டிப் பார்த்தான். “என்னடி இது, ஸ்டிக்கர் வாங்கிட்டு வந்திருக்கே?”

“டவர் கிட்டத்துலயே இருக்காம். நம்ம வீட்டுக்கு இதுவே ஜாஸ்தின்னாரு.”

சொல்லும்போது மடங்கிய சுண்டுவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவன் ஆண்டெனாவை ஜன்னலுக்குள் தொங்கவிட்டு ஒயரைச் செருகினான். படம் பளிச்சென்று வந்தது, கேபிளில் கூட இப்படி வந்ததில்லை. இருபத்திரண்டு சேனல். அத்தை கையைத் தட்டியே விட்டாள். அவன் கூட, “பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கு” என்று அவள் தலையில் தட்டினான். செல்லத் தட்டுதான். அதிலேயே அவளுக்குக் கண் இருட்டியது.

சனிக்கிழமை நாலரை மணிக்கு நர்சக்கா வீட்டுப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை பகல் ட்யூட்டி என்பதும், வந்ததும் வாளியை இழுத்துப் போட்டுத் துணி துவைப்பாள் என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஐந்து மணிக்கு வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே அவன் பட்டறையிலிருந்து வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கடைக்கு ஷட்டர் செய்யணும்னு ஆண்டெனாக்காரன் பட்டறைக்கு வந்தான்” என்றான். “மாடிக்கு வாங்கச் சொல்லித் தலைபாடா அடிச்சுக்கிட்டானாமே? ‘உங்க சம்சாரம் ரொம்பப் பிடிவாதம் சார், வீட்ல அவங்க ராஜ்ஜியம்தானா’ங்கறான். எங்கிட்ட கூலி வாங்கறவனெல்லாம் பல்லைக் காட்டறான்.”

“படம் நல்லாத்தானே வருது...”

“நான் என்ன வாங்கச் சொன்னேன்?”

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். டிவியில் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கண்ணை மூடி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலுக்குப் போனான். இடது கதவைச் சாத்தினான். வலது கதவை இழுத்தான். வெயில் கோடாகி, நூலாகி, அறுந்தது. தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது.

பாடிக்கொண்டிருந்த பெண் திறந்த வாயோடு உறைந்தாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. நீலத் திரை வந்து நின்றது. சிக்னல் இல்லை.

அவன் அதைப் பார்க்கவில்லை. திரும்பிய வேகத்திலேயே அறைந்தான்.

அவள் இந்த எட்டு வருஷத்தில் கேட்டிராத ஒரு சத்தம் அது. தன் கன்னத்தில் விழும் அறையின் சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பெரிதாக. அவனும் அதைக் கேட்டான். அரை நொடி அவன் கையே திகைத்து நின்றது.

“சத்தத்தை வைம்மா!” என்று பல்லைக் கடித்தான்.

“வெச்சிட்டேன்டா. ஏறுது, ஏறுது, வரமாட்டேங்குதே!”

அத்தை இரண்டு கையாலும் ரிமோட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். நீலத் திரையின் அடியில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. நாற்பது. அறுபது. எண்பது. அவன் பெண்டாட்டியின் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். தையல் மிஷின் சரிந்தது, ஊசி டப்பா திறந்து சிதறியது, அவள் நெற்றி போய்ச் சுவரில் மோதியது. அந்தச் சுவரில்தான். வயிற்றில் முழங்கால் ஏறியது. மூச்சு முழுக்க வெளியே போய், வாய்க்குள் சூடாக ரத்தம் வந்தது. பின்னலை விடாமல் அவன் மறுபடி சுவரில் மோதினான். சுண்ணாம்பு உதிர்ந்து அவள் இமைமேல் விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வாளி இழுபடும் சத்தம் நின்றது. குழாய் மூடப்பட்டது. இரண்டு வீட்டிலும் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

“நூறுல இருக்குடா” என்றாள் அத்தை, அழுகிற குரலில். “நூறுக்கு மேல இல்லடா.”

அவன் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுவந்தான். பட்டறை வாசனை அடிக்கும் அந்த உள்ளங்கை உதட்டைத் தொடுவதற்குள் அவள் முகத்தைத் திருப்பி, நீலம் படிந்த சுவரில் வாயை வைத்தாள். இரண்டு வருஷமாகத் தைத்துத் தைத்துப் பிரித்த வாக்கியம், ஒரு தையல் விடாமல் வெளியே வந்தது.

“அக்கா! என்னை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போங்கக்கா!”